அழுத்தினால் மட்டும் பேசும் குரல்

ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், அறுவை அரங்கிலிருந்து சாமான்கள் இறங்கி வரும் சின்ன லிஃப்ட்டுக்கு நேர் எதிரே ஒரு நீளமான அறை. கத்தி, கத்தரி, இடுக்கி என்று டாக்டர் கையில் எடுக்கும் எதுவும் இந்த அறையைத் தாண்டாமல் ஒரு நோயாளியின் உடம்பைத் தொட முடியாது. ஒரு கதவு வழியே ரத்தமும் சதையுமாக வரும். கழுவி, துடைத்து, தட்டில் அடுக்கி, இரண்டு சுற்றுத் துணியில் பொட்டலம் கட்டி, ஆவிப் பெட்டியில் வேக வைத்து, மறு கதவு வழியே அனுப்புவார்கள். அந்த இரண்டு கதவுக்கும் நடுவில் பத்தொன்பது வருஷமாக நின்றவளுக்குக் கத்தரியக்கா என்று பெயர். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

பெயர் வந்த கதை சின்னதுதான். ஒருநாள் மதியம் வேலை ஓய்ந்த நேரத்தில், அவளோடு வேலை பார்க்கும் பெண்கள் அவள் கண்ணில் ஒரு முகமூடியைக் கட்டிவிட்டு, நாற்பத்திரண்டு கத்தரிகளை ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தார்கள். தடவிப் பார்த்தே நாற்பத்தொன்றைச் சரியாகச் சொன்னாள். தவறிப்போன அந்த ஒன்றுக்கும் "செஞ்சவன் தப்பா செஞ்சுட்டான், நான் என்ன பண்ண?" என்று சாதித்தாள். அவள் சாதித்தால் சாதித்ததுதான். எதிரில் நின்று பேசி ஜெயித்தவர்கள் அந்த அறையில் கிடையாது.

பிறக்கும்போதே கத்தரி பிடித்துக்கொண்டு பிறக்கவில்லை. தரை துடைக்கத்தான் வந்தாள். அறையில் ஆள் குறைந்த ஒரு வாரத்தில் துடைப்பத்தை வைத்துவிட்டுத் தட்டு அடுக்கினாள், அப்படியே தங்கிவிட்டாள். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. தட்டில் ஒரு இடுக்கி மாறிப் போனால் மேலே இருந்து ஃபோன் வரும். அந்தக் காலத்துப் பெரிய நர்ஸ் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பார். அழுதுகொண்டே அந்தத் தட்டைத் திறந்து, எது மாறியது, ஏன் மாறியது என்று பார்ப்பாள். ஒரே தப்புக்கு இரண்டு முறை ஃபோன் வந்ததில்லை.

அப்படி இருந்தவளுக்குத்தான் இந்த ஐம்பத்தோராவது வயதில் ஒரு கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது.

ஆஸ்பத்திரி புதிதாகக் கேமராக் குழாய்கள் வாங்கியிருந்தது. கறுப்பாக, விரல் தடிமனில், பாம்பு போல வளையும். நுனியில் கண், உள்ளே நூல் போன்ற பொந்துகள். நோயாளியின் தொண்டை வழியே இறக்கி வயிற்றைப் பார்ப்பார்கள். இதைக் கத்தரி மாதிரி ஆவியில் வேக வைத்தால் உருகிப் போகும். கையால் கழுவ வேண்டும், அதற்குப் பதினொரு படிகள். முதலில் காற்றடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு பொந்துகளுக்குள் பிரஷ், பிறகு அலசல், பிறகு மறுபடியும் காற்று, பிறகு மருந்துத் தண்ணீர், பிறகு மறுபடி அலசல், ஸ்பிரிட், இன்னொரு முறை காற்று என்று போகும். ஒரு படி மாறினால் ஒன்று குழாய் பாழ், இல்லையென்றால் ஒருவர் வயிற்றுக் கிருமி அடுத்தவர் வயிற்றுக்குக் குடிபோகும்.

இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு கம்ப்யூட்டர் பாடம் வந்தது. பயிற்சி அறையில் நாலு கம்ப்யூட்டர். ஒவ்வொன்றுக்கும் காதில் மாட்டும் ஹெட்போன். ஒரு மாதம் பயிற்சி, பிறகு பரீட்சை. நூற்றுக்கு எழுபது வாங்கினால் அறையில் தொடரலாம். மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தவறினால் பின்கட்டில் இருக்கும் துணி வெளுக்கும் பிரிவுக்கு மாற்றம். சம்பளம் அதேதான், குறையாது என்று மேற்பார்வை மேடம் சமாதானம் சொன்னார். மேடத்துக்கு முப்பத்திரண்டு வயது, நல்ல மாதிரி, ஆனால் சம்பளம் குறைவதா இவள் கவலை? பத்தொன்பது வருஷமாக ஒரு அறையில் ராணி மாதிரி இருந்துவிட்டு, அங்கே போய்ப் படுக்கை விரிப்பு மடிப்பதா? அதற்குப் பதில் வீட்டிலேயே உட்கார்ந்துவிடலாம். வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பது அவளுக்கும் தெரியும், அவள் புருஷனுக்கும் தெரியும். அவர் அந்த நினைப்பிலேயே இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

முதல் நாள் மௌஸைத் தொடவே பயந்தாள். இரண்டாம் நாள் பயம் போய்விட்டது. காரணம், காதில் பேசிய அந்தக் குரல். ஒரு பெண் குரல், வெல்லம் மாதிரி. "இப்போது வலது பக்க மூலையில் உள்ள காற்றுக் குழலை எடுங்கள். அருமை! அடுத்து, அதைக் கறுப்பு மூடியில் பொருத்துங்கள். மிக நன்று!" எடுக்க வேண்டிய பொருள் திரையில் மினுக்கும். அதன் மேல் வைத்து அழுத்தினால் போதும். வாழ்க்கையில் அவளை இத்தனை முறை 'மிக நன்று' என்று யாரும் சொன்னதில்லை. கட்டிய புருஷன் இருபத்தேழு வருஷத்தில் ஒரு முறை சொன்னார். அதுவும் பல் டாக்டரிடம், அவள் வலி பொறுத்துக்கொண்டதைப் பற்றி.

பயிற்சி மதிப்பெண்களைத் தினமும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். நாலாம் நாளிலிருந்து கத்தரியக்காவின் பெயருக்கு நேரே நூறு. மறுநாளும் நூறு. பிஸ்கட் பாக்கெட் வாங்கி அறை முழுக்கக் கொடுத்தாள்.

பட்டியலின் கடைசியில் நெட்டை. ஆளைப் பார்த்தாலே பெயர்க் காரணம் தெரிந்துவிடும். மேல் அலமாரியில் எதை எடுக்கவும் ஸ்டூல் வேண்டாம். அறைக்கு வந்து நாலு வருஷம்தான் ஆகிறது. அவள் பெயருக்கு நேரே முப்பத்தாறு, நாற்பத்தொன்று, முப்பத்தொன்பது. அவளுக்குக் கிடைத்த கடைசிக் கம்ப்யூட்டரின் ஹெட்போன் வயர் அறுந்துபோன நிலையில் இருந்தது. குரல் வராது, அவள் திரையில் எது மினுக்கினாலும் கவனிக்காமல் கண்டதை அழுத்துவாள், கம்ப்யூட்டர் 'டொய்ங்' என்று கத்தும். அந்த டொய்ங் சத்தம் பயிற்சி அறை முழுக்கக் கேட்கும்.

"என்னடி, கோயில் மணியா அடிக்கற?" என்று கத்தரியக்கா சிரித்தாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். வயரு மேல பழி போடாத."

"சிரிங்கக்கா, சிரிங்க. நூறு வாங்குறவங்க சிரிக்கலாம்" என்றாள் நெட்டை. அவள் முகம் வாடியதைப் பார்த்துக் கத்தரியக்கா ஒரு பிஸ்கட் கூடுதலாகக் கொடுத்தாள். கொடுத்தது இரக்கத்தில்தான், பொய்யில்லை. ஆனால் நூறு வாங்குகிறவளின் இரக்கம் அது.

பரீட்சை நாள் வந்தது. கத்தரியக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சாய்ந்து உட்கார்ந்து, திரையைப் பார்த்தாள். குழாய் இருந்தது, தொட்டி இருந்தது, பிரஷ் இருந்தது. குரல் வரவில்லை. எதுவும் மினுக்கவும் இல்லை. இரண்டு நிமிஷம் காத்திருந்தாள். ஹெட்போனைக் கழற்றி ஊதினாள். மறுபடி மாட்டினாள். பிறகு கையைத் தூக்கினாள்.

"மேடம், இது பேச மாட்டேங்குது."

"பரீட்சையில பேசாதுக்கா" என்றார் மேடம், மெதுவாக.

"பேசாதா? அப்புறம் எதை எடுக்கறதுன்னு எப்படித் தெரியும்?"

அறையில் இருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவளுக்குத் தேவலாம் போல இருந்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி மௌஸை அங்கும் இங்கும் நகர்த்தினாள். இருபத்தைந்து நாள், நாளைக்கு இரண்டு முறை இந்தக் குழாயைத் திரையில் கழுவியிருக்கிறாள். முதல் படி எது என்றே தெரியவில்லை. முப்பத்தெட்டு மார்க்.

நெட்டைக்கு எண்பத்தொன்று.

அன்று சாயங்காலம் கத்தரியக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. நெட்டை பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு போய்விட்டாள். கத்தரியக்கா வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிய இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் புருஷன், வாழ்நாளில் எதையும் நேரடியாக ஆறுதல் சொல்லிப் பழகாதவர், தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே குந்தினார்.

"இன்னும் ரெண்டு தடவை இருக்குல்ல?" என்றார்.

"நூறு வாங்கினேங்க. தினமும் நூறு."

"அதான் எனக்கும் புரியல."

அடுத்த பத்து நாளில் அவள் செய்ததைப் பிடிவாதம் என்றும் சொல்லலாம், முட்டாள்தனம் என்றும் சொல்லலாம். நான் இரண்டையும் சொல்வேன். பாடத்தை இன்னும் அதிகமாகப் போட்டுக் கேட்டாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள், வேலை முடிந்து ஒரு மணி நேரம் கேட்டாள். குரல் சொல்வதை நோட்டில் எழுதிக்கொண்டு, வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது ஒப்பித்தாள். "வலது பக்க மூலையில் உள்ள காற்றுக் குழலை எடுங்கள், அருமை" என்று அந்த 'அருமை' உட்பட ஒப்பித்தாள். கிளிப்பிள்ளை தோற்றது. இரண்டாம் பரீட்சையில் காற்றுக் குழல் இடது பக்கம் இருந்தது. அவள் வலது மூலையில் இருந்த பிரஷ்ஷைப் பொறுக்கி எடுத்து, கறுப்பு மூடியில் செருகப் பார்த்தாள். நாற்பத்து நாலு.

இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. மேடம் அவளைத் தனியே கூப்பிட்டு, துணிப் பிரிவில் ஜன்னல் பெரிது, காற்றோட்டம் உண்டு, முதுகுக்கு நல்லது என்றெல்லாம் சொன்னார். நல்ல மனசோடு சொன்னார். கத்தரியக்கா தலையாட்டிவிட்டு, கை கழுவும் இடத்தில் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் புருஷன் தன் கவலையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வேனுக்குப் புதிதாக ஒரு மாற்று டிரைவர் வந்திருக்கிறான். ஃபோனில் மேப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறான். மூன்று மாதமாக அதே பதினான்கு வீடு, அதே தெருக்கள். இன்று ஃபோனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. பிள்ளைகள் வழி சொல்லி அவனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"ஃபோன்ல அந்தம்மா 'இடது பக்கம் திரும்புங்கள்'னு சொல்றா, இவன் திரும்புறான். தெருவப் பாத்தாதான தெரு தெரியும்? நான்லாம் முதல் வாரம் ஏழு தடவை முட்டுச்சந்துக்குள்ள போய் மாட்டினேன். இன்னைக்கு எந்தச் சந்து எங்க முட்டும்னு தூக்கத்துல கேளு, சொல்றேன்."

அவர் பெருமைக்காகச் சொன்னதுதான், வேறு எதையும் நினைத்துச் சொல்லவில்லை. சாப்பாட்டுக் கை அந்தரத்தில் நின்றபடி அவள் அவரையே பார்த்தாள். உப்பு அதிகமாகிவிட்டதோ என்று அவர் பயந்தார்.

மறுநாள் காலையில் ஹெட்போனைத் தொடவே இல்லை. மினுக்கலையும் நிறுத்த ஒரு பொத்தான் இருந்தது, நிறுத்தினாள். இனி நானாச்சு, குழாயாச்சு என்று இறங்கினாள். மூன்றாம் படியிலேயே மாட்டிக்கொண்டாள். டொய்ங். வேறொன்றை அழுத்தினாள். டொய்ங். ஏன் தப்பு என்று அது சொல்லாது. தப்பு என்று மட்டும் சொல்லும். திரும்பத் திரும்பக் குருட்டாம்போக்கில் அழுத்தி, தற்செயலாக ஒன்று சரியாக விழுந்து, அடுத்த படியில் மறுபடி மாட்டினாள். மூன்று நாள் இப்படிப் போயிற்று. வாயில்லாத பாடமும் அவளுக்கு ஒன்றும் கற்றுக் கொடுக்கவில்லை. கூடுதலாகத் தலைவலிதான் கொடுத்தது. பரீட்சைக்கு ஏழு நாள் இருந்தது.

அப்போதுதான் தன் மானத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நெட்டையிடம் போனாள்.

"அடியே, உனக்கும்தான் குரல் கேக்கல. நீ எப்படிடி பாஸ் பண்ணின?"

நெட்டை சுற்றும் முற்றும் பார்த்தாள். "கேக்கவே கேக்காதுன்னு இல்லக்கா. அந்த வயரு இருக்குல்ல, அது காதுகிட்ட வர்ற இடத்துல விரலால நசுக்கிப் பிடிச்சா கேக்கும். விட்டா நின்னுடும். நசுக்கிப் பிடிச்சுக்கிட்டே மௌஸ ஆட்ட முடியுமா? கை வலிக்கும். அதனால சும்மா சும்மா பிடிக்க மாட்டேன். மினுக்குறதயும் பாக்க மாட்டேன், கண்ணு கூசும். நானா யோசிப்பேன். இது இல்ல, அதுவா இருக்குமோன்னு ஒண்ணு ரெண்டு தடவை அழுத்திப் பாப்பேன். டொய்ங்குன்னு கத்தும். சுத்தமா முடியல, மண்ட காயுதுன்னா அப்பதான் வயரப் பிடிப்பேன். அது சொல்லும். சொன்னதும், அட, இதுக்குத்தானான்னு இருக்கும். அப்புறம் அது மறக்காது."

"இத ஏன்டி எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"நீங்க நூறுக்கா. நான் நாப்பது. நான் சொல்லி நீங்க கேட்டிருப்பீங்களா?"

கேட்டிருக்க மாட்டாள், அது கத்தரியக்காவுக்கே தெரியும்.  "அந்தப் பாழாப்போன ஹெட்போன் எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றிலிருந்து கடைசிக் கம்ப்யூட்டர் அவளுடையது. மினுக்கலை நிறுத்தி, வயரை விட்டுவிட்டு ஆரம்பிப்பாள். முதல் படி காற்று. ஏன் காற்று? தெரியவில்லை. நேரே தண்ணீரில் முக்கினால் என்ன என்று முக்கிப் பார்த்தாள். டொய்ங். யோசித்தாள். மறுபடி டொய்ங். வயரை நசுக்கினாள். "ஓட்டை இருந்தால், தண்ணீரில் முக்கும்போது தண்ணீர் உள்ளே போய்க் கேமராவைக் கெடுத்துவிடும். எனவே முதலில்..." விரலை எடுத்துவிட்டாள். மிச்சம் வேண்டாம். இதே வாக்கியத்தை அந்த வெல்லக் குரல் அவளிடம் ஐம்பது தடவையாவது சொல்லியிருக்கும். ஒரு தடவைகூட அவள் கேட்கவில்லை. எதை எடுப்பது என்று தெரிந்த பிறகு ஏன் என்று யார் கேட்பார்கள்? இப்போது கேட்டாள், ஏனென்றால் இப்போதுதான் அவளுக்கு அது தேவைப்பட்டது.

முதல் நாள் பதினொரு படிக்கு ஒன்பது முறை வயரைப் பிடித்தாள். விரல் சிவந்துவிட்டது. மறுநாள் ஆறு. அதற்கு மறுநாள் நாலு. பலகையில் அவள் பெயருக்கு நேரே முப்பத்தைந்து, நாற்பத்தெட்டு என்று ஏறியது.  அக்காவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். மேடம் துணிப் பிரிவுக்கு ஃபோன் செய்து ஓர் இடத்தைச் சொல்லி வைத்தார்.

பாடத்தைச் செய்த ஆள் அந்த வாரம் கம்ப்யூட்டர்களைப் பார்க்க வந்தார். மெலிந்த மனிதர், சட்டைப் பையில் மூன்று பேனா. எல்லோரும் பாடக்காரர் என்று கூப்பிட்டார்கள். அறுந்த ஹெட்போனைப் பார்த்ததும் மாற்றக் கை நீட்டினார்.

"தொடாதீங்க தம்பி!" என்று கத்தினாள்.

அவர் பயந்து பின்வாங்கினார். அவள் விஷயத்தைச் சொன்னாள். கொஞ்சம் சூடாகவே சொன்னாள்: "உங்க பாடத்துல பேசுற அம்மா ரொம்ப நல்லவங்க. ஆனா ஊட்டி ஊட்டியே எங்களுக்கு மென்னு தின்ன மறந்துபோச்சு."

பாடக்காரர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "முதல்ல செஞ்ச பாடத்துல குரலே இல்லக்கா. நீங்களே கண்டுபிடிங்கன்னு விட்டுட்டேன். வேற ஒரு இடத்துல கொண்டுபோய் வெச்சேன். ஒருத்தங்க ஒரு மணி நேரம் அழுத்திப் பாத்துட்டு, கீபோர்டு மேல தலைய வெச்சு அழுதுட்டாங்க. எனக்கு மனசு கேக்கல. அன்னைக்கு ராத்திரியே உக்காந்து எல்லா இடத்துலயும் குரலப் போட்டேன். இனி யாரும் அழக் கூடாதுன்னு நெனச்சேன்."

"நான் அழுதேன்" என்றாள் கத்தரியக்கா. "பரீட்சை முடிஞ்சு."

அவர் தலை குனிந்தார். அவர்மேல் அவளுக்கு இருந்த கோபம் அப்போது போய்விட்டது. அழுகிறவர்களைப் பார்க்கப் பொறுக்காத ஆள் செய்த தப்பு. அந்தத் தப்பை அவளும் வீட்டில் எத்தனையோ முறை செய்திருக்கிறாள். கிளம்பும்போது அவர் அந்த வயரைத் தானும் நசுக்கிப் பார்த்தார், விட்டார், நசுக்கினார், விட்டார். பேனாவை எடுத்து உள்ளங்கையில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். ஹெட்போனை மாற்றவில்லை.

மூன்றாம் பரீட்சை ஒரு வியாழக்கிழமை. அவளுக்கு மட்டும்தான், மற்றவர்கள் எல்லோரும் முதலிலோ இரண்டாவதிலோ தேறிவிட்டார்கள் அல்லது தாங்களாகவே துணிப் பிரிவுக்குப் போகச் சம்மதித்துவிட்டார்கள். எட்டுப் படி நன்றாகப் போனது. இடம் மாறி, வலது இடதாகி, தொட்டி மேலே போயிருந்தது. அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை. அவளுக்கு வேண்டியது பொருள்தான், மூலை இல்லை. ஒன்பதாம் படியில் நின்றுவிட்டாள். மருந்துத் தண்ணீரில் ஊறிய குழாயை அலசியாயிற்று. அடுத்தது ஸ்பிரிட்டா, காற்றா? காற்று மூன்று இடத்தில் வருகிறது. மூன்றும் குழம்பிப் போய் ஒன்றாக நின்றன.

கை தன்னையறியாமல் காதுக்குப் போனது. ஹெட்போனை இன்று அவள் மாட்டவே இல்லை. காதைத் தொட்டுவிட்டுக் கீழே இறக்கினாள். மூலையில் கடிகாரம் ஓடியது.

முதல் காற்று ஓட்டை பார்க்க. அது முடிந்த கதை. இரண்டாவது காற்று, கழுவிய தண்ணீர் உள்ளே தேங்கினால் மருந்து நீர்த்துப் போகும் என்பதற்காக. அதுவும் முடிந்தது. இப்போது உள்ளே இருப்பதும் தண்ணீர்தான். ஈரம் இருந்தால் ராத்திரி முழுக்க உள்ளே கிருமி வளரும். தண்ணீர் சீக்கிரம் காயாது. ஸ்பிரிட் விட்டால், ஊசி போடும் முன் கையில் தேய்ப்பார்களே, அது போல நொடியில் காயும். தண்ணீரையும் கூட்டிக்கொண்டு போகும். அப்படியானால் முதலில் ஸ்பிரிட், அதன் பிறகு காற்று. காற்றை முதலில் விட்டால் கெடுதல் இல்லை, ஆனால் கடைசியில் காற்று இல்லாவிட்டால் ஸ்பிரிட் உள்ளேயே நிற்கும். இதை அந்தக் குரல் இப்படி வரிசையாக அவளுக்குச் சொன்னதில்லை. அவளே கோத்தது. ஸ்பிரிட்டை அழுத்தினாள்.

கடைசியில் எழுபத்தெட்டு வந்தது. மேடம் திரையைப் பார்த்துவிட்டு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு துணிப் பிரிவுக்கு ஃபோன் செய்து இடம் வேண்டாம் என்றார். கத்தரியக்காவுக்கு நூறு வாங்கிய நாள் சந்தோஷம் வரவில்லை. வேறு ஏதோ வந்தது. கால் தரையில் நன்றாக ஊன்றி நிற்பது போல இருந்தது. நெட்டையின் கையைப் பிடித்து இழுத்து, எட்டிய இடத்தில், முழங்கையில், ஒரு முத்தம் கொடுத்தாள்.

"அக்கா, வழக்கமா பிஸ்கட்தான் குடுப்பீங்க" என்றாள் நெட்டை. இரண்டு பேரும் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மறு வாரம் திங்கட்கிழமை நிஜமான முதல் குழாய் லிஃப்ட்டில் இறங்கி வந்தது. திரையில் பார்த்ததைவிடக் கனமாக, வழவழப்பாக, ஒருவர் வயிற்று வாடையோடு. அதைக் கழுவும் முறை கத்தரியக்காவுக்கு விழுந்தது. ஆஸ்பத்திரியே பயந்து பயந்து வாங்கிய சாமான். மேடம் பதற்றத்தில் அவள் தோளுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டார். முதல் படியைச் செய்தாள். இரண்டாம் படியைத் தொடங்கும் முன்பே மேடத்தின் குரல் வந்தது.

"அடுத்து சோப்புத் தண்ணிக்கா."

முக்கினாள்.

"இப்ப பிரஷ். சின்னது. ஆங், அதேதான். நல்லாப் பண்றீங்க."

பிரஷ்ஷை எடுத்த கை அப்படியே நின்றது. மேடம் சொன்னது சரி. அவளும் அதைத்தான் எடுத்திருப்பாள். ஆனால் எடுத்தது யார்? அது அவளுக்கே தெரியவில்லை.  பிரஷ்ஷைத் திரும்பத் தட்டில் வைத்தாள்.

"என்னாச்சுக்கா? சரிதானே?"

"சரிதான் மேடம்." ஈரக் கையுறையோடு திரும்பினாள். பத்தொன்பது வருஷத்தில் மேலதிகாரி ஒருவரிடம் அவள் இப்படிக் கெஞ்சியது இல்லை. "கோச்சுக்காதீங்க. தயவுசெஞ்சு சொல்லாதீங்க. தப்பாப் போனா கையப் பிடிச்சு நிறுத்துங்க, திட்டுங்க, என்ன வேணா பண்ணுங்க. ஆனா முன்னாடி சொல்லாதீங்க. நீங்க சொன்னா நான் செஞ்சுடுவேன் மேடம். அதான் பயமா இருக்கு. நாளைக்கு நீங்க லீவுல இருப்பீங்க, இந்தக் குழாய் வரும்."

 மேடம் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு அடி தள்ளி நின்றார். வாயைத் திறந்து திறந்து மூடியது தெரிந்தது. பாவம், அது அவருக்குச் சுலபமாக இல்லை. கத்தரியக்கா தட்டைப் பார்த்தாள். மூன்று பிரஷ் இருந்தது. நிதானமாக மூன்றையும் பார்த்துவிட்டு, சின்னதை அவளே எடுத்தாள்.

அந்த வேலைக்கு அன்று ஒரு மணி நேரம் பிடித்தது. பாதி நேரத்தில் முடிக்க வேண்டியது. மறுநாள் காலை மேடம் லீவு. அவள் கழுவிய குழாய் மேல்மாடிக்குப் போயிற்று. யாரோ ஒரு மனிதர் கண்ணில் நீர் வழிய அதை விழுங்கி, வயிற்றில் பெரிதாக ஒன்றுமில்லை என்று கேட்டுவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போனார். கீழே அப்படி ஓர் அறை இருப்பதே அவருக்குத் தெரியாது.